மோட்டார் வண்டியில் செடி நார்

நாரும் பஞ்சும் கயிற்றுக்கும் துணிக்குமே உரியவை அல்ல. ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை உற்பத்தியான டிராபண்ட் காரின் வெளிப்பலகைகள், பஞ்சுக் கழிவைப் பிசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்யப்பட்டவை. 2013-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 காரின் கதவு உட்பலகைகளில் கெனாப் நார் சேர்க்கப்பட்டது. கெனாப் என்பது நாம் கடைந்துண்ணும் புளிச்சக்கீரையின் இனமே.

செடி நார் கண்ணாடி நாரினும் எடை குறைந்தது. வண்டியின் எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆயினும் அது ஈரத்தை உறிஞ்சும். மிகுந்த சூட்டில் கருகும். ஆதலின் மழை படாத உட்பகுதிகளுக்கே இன்று பெரிதும் பயன்படுகிறது.

நமது சமவெளியில் புளிச்சை வளரும். சணப்பைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறோம். பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழை மிகுதி. நாமக்கல்லிலோ லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பல. நாரையும் வண்டியையும் இணைக்க வேண்டுவது சீரான தரமே. ஒருவர் குறைவாகவும் மற்றொருவர் மிகையாகவும் ஊறவைத்த தட்டையிலிருந்து ஒரே வலிமையுள்ள நார் கிடைக்காது. அத்தகைய நாரை ஆலை ஏற்காது.

இது தனியொருவரால் ஆகும் செயலன்று. பொது ஊறல் தொட்டி, உலர்களம், தரம் பிரித்தல் ஆகியவற்றைச் சங்கமே நடத்தலாம். ஆனால் நாருக்காகச் சணப்பை முதிரவிட்டால் நிலத்திற்குப் பசுந்தாள் உரம் கிட்டாது. ஆகவே, வாங்குவோரிடம் விலையும் அளவும் எழுத்தில் பெற்ற பின்னரே, சிறு பரப்பில் தொடங்குவோம். விதைக்குமுன் விலை பேசும் வலிமை கூட்டுறவுக்கே உண்டு.