ஐதரேஞ்சியாச் செடியைத் தாக்கும் பூச்சிகளும் அவற்றைத் தடுக்கும் முறைகளும்

நுவரெலியா, பண்டாரவளை முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் வீட்டு முற்றத்திற்கு அழகு தரும் செடிகளுள் ஐதரேஞ்சியாவும் ஒன்றாகும். யப்பானைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடங்களிற் செழித்து வளரும். தை முதற் பங்குனி வரையுள்ள வரட்சிக் காலத்தில் இதன் இலைகள் நிறம் மங்கி உதிரத் தொடங்குமாயின், சித்திரை மாதத்துப் பூக்களை எதிர்பார்த்திருந்தவர்கள் பெரிதும் ஏமாற்றமடைவர். அவ்வேளையிற் பலர் பசளைக் குறைவே காரணமெனக் கருதி மேலும் பசளை இடுகின்றனர். பெரும்பாலும் குற்றம் மண்ணிலன்று. இலையின் அடிப்புறத்திலேயே உள்ளது.

இலையின் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், அது இரும்புச் சத்துக் குறைவாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இந்நிலை தோன்றும். அவ்வாறன்றி, ஊசியாற் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள் இலை முழுவதும் பரந்து, பின்னர் இலை வெண்கல நிறமடைந்தால், சிவப்புச் சிற்றுண்ணியே காரணமென ஐயுறலாம். வெள்ளைத் தாளொன்றை இலையின் கீழே பிடித்து இலையைத் தட்டுதல் வேண்டும். தாளில் விழுந்த தூசு போன்ற துகள்கள் மெல்ல நகருமாயின் ஐயம் நீங்கும். முற்றிய தாக்குதலில் இலைகளுக்கிடையே மெல்லிய நூல்வலையும் காணப்படும்.

சிற்றுண்ணி உண்மையிற் பூச்சியன்று. எட்டுக் கால்களையுடைய சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. ஆகவே பூச்சிகளைக் கொல்லும் நஞ்சுகள் பல இதனைத் தாக்குவதில்லை. இதனை உண்ணும் நற்பிராணிகளையே கொன்றுவிடுகின்றன. 1950 ஆம் ஆண்டுகளில் டி.டி.ரி. தெளிக்கப்பட்ட பிறநாட்டுப் பழத்தோட்டங்களிற் சிற்றுண்ணி முன்னிலும் பன்மடங்கு பெருகியமை இதனாலேயாம். வெப்பமான காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை வளர்ந்து முழுவுயிராகிவிடும். ஆதலால் ஒருமுறை மருந்திட்டு ஓய்ந்திருத்தலாற் பயனில்லை. வரண்ட நாட்களில் இலையின் அடிப்புறம் நனையுமாறு காலை வேளையில் நீரை விசையுடன் பாய்ச்சுதலே முதற் சிகிச்சையாகும். செலவற்ற இம்முறையைச் சிலர் இகழ்வதுண்டு. ஆயினும் ஒழுங்காகச் செய்தால் இளந்தாக்குதலை இதுவே அடக்கிவிடும்.

மழை விட்டுத் தளிர் விடும் காலத்தில் அழுக்கணவன் தோன்றும். பச்சை அல்லது கருமை நிறமான இம்மென்மையான பூச்சிகள் தளிரிலும் பூவரும்பிலும் திரளாகக் கூடிச் சாற்றை உறிஞ்சும். இலைகள் சுருண்டு, அவை கழிக்கும் இனிப்பு நீரிற் கரும்பூஞ்சணம் படரும். பெண் பூச்சிகள் ஆணின்றியே குஞ்சுகளை ஈனுவதால் சில நாட்களிற் கூட்டம் பெருகும். செடியில் எறும்புகள் வரிசையாக ஏறுவது கண்டால் தளிர்களை உடனே நோக்குதல் நன்று. எறும்புகள் அவ்வினிப்பை நாடியே செல்கின்றன. பொறிவண்டும் அதன் குடம்பியும் அங்கு இருந்தால் மருந்து தெளித்தல் ஆகாது. கருமையான உடலில் செம்மஞ்சட் புள்ளிகளுடைய அக்குடம்பியைத் தீய புழுவெனக் கருதி நசுக்கிவிடுவோர் பலர்.

செதிற்பூச்சியும் வெண்மூட்டுப்பூச்சியும் தண்டிலும் இலைக்கவட்டிலும் ஒட்டிக்கொள்ளும். 1880 ஆம் ஆண்டுகளில், ஏற்கெனவே இலைநோயால் நலிந்திருந்த இலங்கையின் கோப்பித் தோட்டங்களை மேலும் வருத்தியது பச்சைச் செதிற்பூச்சி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மெழுகுப் பூச்சு இவற்றைக் காப்பதால் நீர் கலந்த மருந்து உட்செல்வதில்லை. பழைய பற்றூரிகையைச் சவர்க்கார நீரிற் தோய்த்துத் தேய்த்தல் செதிற்பூச்சிக்கு ஏற்றது. வெண்மூட்டுப்பூச்சியை மதுசாரத்திற் தோய்த்த பஞ்சினாற் துடைக்கலாம். இவை பெரும்பாலும் வெட்டுத்துண்டுகளுடனேயே தோட்டத்தை வந்தடைகின்றன. அயலார் தரும் துண்டை வாங்குமுன் அதன் கணுக்களைப் பார்த்தல் வேண்டும்.

மென்மையான உடலுடைய பூச்சிகளுக்கும் சிற்றுண்ணிக்கும் சவர்க்காரக் கரைசல் ஏற்றது. ஒரு லீற்றர் நீருக்கு 10 கிராம் சாதாரணக் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து, துணியில் வடித்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளித்தல் வேண்டும். சலவைத் தூள் இலையைக் கருக்கும். அதனைச் சேர்க்கக் கூடாது. முதலிற் சில இலைகளிற் தெளித்து இரண்டு நாட்கள் பார்த்தல் அவசியம். முட்டைகள் எஞ்சுவதால் ஐந்து தொடக்கம் ஏழு நாட்களுக்கு ஒருமுறையாக மூன்று தடவை தெளிக்கலாம். வேப்பம்விதை கிடைக்குமாயின், பருப்பைத் தூளாக்கி லீற்றருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவைத்து வடித்த நீரும் பயன்படும். மலைநாட்டில் வேம்பு அரிதாகையால், யாழ்ப்பாணத்து உறவினரிடம் விதையைக் கேட்டு வைத்திருப்பது நன்று.

மரக்கறிப் பாத்திக்குத் தெளித்து எஞ்சிய நஞ்சை முற்றத்துச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. சிறுவர் விளையாடும் இடத்தில் இது மிகவும் தவறானது. பூத்த செடியிற் தெளிப்பின் தேனீக்களும் மடியும்.

கடுமையாகத் தாக்கப்பட்ட கிளைகளை வெட்டலாம். எனினும் பூவரும்பு முதிர்ந்த கிளையின் நுனியிலே முன்கூட்டியே உருவாவதால், செடி முழுவதையும் ஒட்ட நறுக்கினால் அப்பருவத்துப் பூக்கள் இல்லாதொழியும். வெட்டிய கிளைகளை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடலாகாது. ஐதரேஞ்சியாவின் இலையிலும் அரும்பிலும் சயனைட்டை வெளிவிடக்கூடிய பொருள் உண்டு. அவற்றைத் தொழுவத்திற்கு எட்டாத இடத்திற் குழிதோண்டிப் புதைத்தல் வேண்டும்.