நோன்பும் நீரிழிவும்: விடை தேடும் முறை

நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் உங்கள் வாப்பா ரமளான் நோன்பு நோற்கலாமா? 'அடுத்த வீட்டார் நோற்றார், ஒன்றும் ஆகவில்லை' என்பது இதற்கு விடையன்று.

1997 முதல் யாவர்க்கும் இலவசமாகத் திறந்திருக்கும் 'பப்மெட்' மருத்துவக் கட்டுரைப் பட்டியலைச் சங்கரன்கோவிலில் உள்ள மருத்துவரும் தேடலாம். நீரிழிவு என்று மட்டும் தேடினால் கட்டுரைகள் மலைபோல் குவியும். நோய், நோன்பு, தாழ்சர்க்கரை மூன்றையும் இணைத்தே தேட வேண்டும். ஆங்கிலத்தில் 'ரம்ஜான்' என்று எழுதினால் பல கட்டுரைகள் தப்பிவிடும். ஆய்வாளர் பெரும்பாலும் 'ரமதான்' என்றே எழுதுகின்றனர். நம் நாவில் வழங்கும் பெயரே நம்மை வழிமாற்றுகிறது! இரண்டையும் 'ஆர்' என்னும் சொல்லால் இணைத்திடல் வேண்டும்.

அப்போது, 2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்த 'எபிடியார்' ஆய்வு கிட்டும். இரண்டாம் வகை நீரிழிவினரிடம் கடுமையான தாழ்சர்க்கரை ரமளானில் ஏழரை மடங்கு மிகுந்ததாக அது கூறுகிறது. நோற்கலாமா, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் எவ்வாறு மாற்றுவது என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.