மைசூரில் கறியில்லாத 'கறி': பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள்

மைசூர் கிருஷ்ணராஜ சாகர் சாலையில் ரயில் அருங்காட்சியகத்துக்கு எதிரே ஓர் அரண்மனை இருக்கிறது. பழைய எஞ்சின்களைப் பார்க்க வரும் நம்மவர்கள், அது எந்த ராஜாவின் அரண்மனை என்று விசாரிப்பது வழக்கம். இளவரசி செலுவாஜம்மண்ணிக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகை அது. 1950 முதல் அங்கே இயங்குவது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாக, சி.எப்.டி.ஆர்.ஐ.

ஆட்டையும் கோழியையும் தொடாமல், சோயா, பட்டாணி போன்றவற்றிலிருந்து இறைச்சி போலவே பண்டம் செய்யும் புதிய கம்பெனிகள் இப்போது நம் நாட்டிலும் தோன்றியிருக்கின்றன. உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு அவற்றை நாடுகிறார்கள். தொழில் புதிது என்கிறார்கள். மைசூருக்கு அது எழுபது வயதான சங்கதி.

நிலையத்தின் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். பின்னாளில் தஞ்சைத் தரணியில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கு வித்திட்டவரும் அவரே. அன்று நாட்டில் பால், பருப்பு, இறைச்சி எல்லாமே பற்றாக்குறை. ஆனால் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் கடலைப் பிண்ணாக்கில் கிட்டத்தட்டப் பாதி புரதம். அது மாட்டுக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்தது. சுத்தமான நிலக்கடலையிலிருந்து எண்ணெயைப் பிழிந்து, மாவாக்கி, அம்மாவு 75 பங்கும் கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் கலந்து 'இந்தியப் பல்நோக்கு உணவு' செய்தார்கள். அதில் நூற்றுக்கு 42 பங்கு புரதம். மரவள்ளி மாவு 75 பங்கு, கடலை மாவு 25 பங்கு கலந்த 'மைசூர் மாவு'ம் இங்கே பிறந்ததுதான்.

வான்கோழிகள் செத்தன

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து உண்டான நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கடலை மாவைச் சோதிக்காமல் குழந்தைக்குக் கொடுக்க எவருக்கும் துணிவில்லை. இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஏழைக்கென்று செய்த உணவை ஏழையும் விரும்புவதில்லை. இது என் அபிப்பிராயம்.

சோயா பிழைத்துக்கொண்டது. நம் வீட்டுப் பிரியாணியில் விழும் 'மீல் மேக்கர்' அதுதான். எண்ணெய் நீக்கிய சோயா மாவைத் தண்ணீரோடு பிசைந்து, சூடேறிய உருளைக்குள் திருகாணி போன்ற தண்டால் நெருக்கித் தள்ளுகிறார்கள். முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். துளை வழியே வெளியே வந்ததும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பண்டம் உப்பிவிடுகிறது. புதிய கம்பெனிகள் கூடுதல் நீர் விட்டு, வெளியேறும் வாயிலைக் குளிர வைக்கின்றன. அப்போது உப்பாமல், கோழிச் சதை போல நாராகப் பிரிகிறது.

பயிற்சி என்றால் என்ன வேலை?

காலை முதல் மாவை நிறுப்பது, ஈரத்தை அளப்பது, நைட்ரஜனைக் கண்டுபிடித்து 6.25-ஆல் பெருக்கிப் புரதக் கணக்குச் சொல்வது. சோயாவின் பச்சை வாடையைப் போக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறகு பத்துப் பேரைக் கூட்டிச் சுவைக்கச் சொல்லி மதிப்பெண் வாங்க வேண்டும்.

பெட்டி படுக்கையோடு ரயிலேறி வரும் பிள்ளைகளிடம், டிக்கெட் கொடுக்கும் என்னைப் போன்றவன் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. உதவித்தொகை உண்டா, தங்குமிடச் செலவு யாருடையது என்பதைக் கடிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கல்லூரியில் காட்டுங்கள். செய்த ஆய்வை வெளியில் சொல்லக்கூடாது என்று கம்பெனி தடுத்தால், ஆய்வேட்டில் எதை எழுதுவது? ஒரு வருடப் படிப்பே அதில் தொங்குகிறது.

வீட்டிலும் பேச்சு எழும். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக் குடும்பத்துப் பெண் இப்படியொரு பயிற்சிக்குக் கிளம்பினால், நம் பிழைப்பிலேயே கை வைக்கிறாளே என்று அப்பாவுக்குத் தோன்றலாம். பண்ணைக் கோழி தின்பதும் அதே சோயாப் பிண்ணாக்குதான். அதன் விலை ஏறினால் முதலில் அலறுகிறவரும் அவர்தான். அந்தப் பிண்ணாக்கு கோழி வழியாக இலைக்கு வருவதா, நேராக வருவதா என்பதே இந்தக் கம்பெனிகள் போட்டிருக்கும் பந்தயம். விலையில் இன்னும் மீல் மேக்கரை எவரும் வெல்லவில்லை.