சிறுகச் சிறுக வெளிவந்த ரகசியம்

பாளையங்கோட்டைச் சிறைச்சாலையின் மதிலோரமாகப் போகிறவர்களுக்கு, 1908ஆம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதனுள்ளே அடைபட்டிருந்த செய்தி புதிதன்று. அவ்விருவர் மீதும் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிய சர்க்கார், அதற்கு ஆதாரமாக நீதிமன்றத்தில் வைத்தவற்றுள் முக்கியமானவை, பொதுக்கூட்டங்களில் போலீசார் உட்கார்ந்து எழுதிக்கொண்ட பிரசங்கக் குறிப்புகளே. கூட்டத்தில் ஜனங்களோடு ஜனங்களாக வேவுகாரர்களும் இருப்பார்கள் என்பது திருநெல்வேலிச் சீமையில் அன்று யாவரும் அறிந்த சங்கதி. ஆயினும், தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியானவற்றை வாரந்தோறும் இங்கிலீஷில் சுருக்கி, அந்தரங்கம் என்று குறித்து, மேலதிகாரிகளின் பார்வைக்கு அனுப்பிய அறிக்கைகளில் என்ன இருந்தது என்பது, வெள்ளையர் ஆட்சி ஒழிந்து, ஆராய்ச்சியாளர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்கட்டுகளை அவிழ்த்துப் பார்த்த பின்னரே பொதுமக்களுக்குத் தெரியலாயிற்று.

வேவு பார்த்தவனும் பார்க்கப்பட்டவனும் மாண்ட பின் வெளிவரும் ரகசியம் சரித்திர ஆசிரியர்களுக்குப் பயன்படும். பார்த்தவன் இன்னும் அதிகாரத்தில் இருக்கும்போதே அது வெளிவந்துவிட்டால், அவனைக் கேள்வி கேட்கும் வாய்ப்புப் பிரஜைகளுக்கு உண்டாகிறது. அத்தகைய வாய்ப்பு நம் காலத்தில் வந்தது 2013ஆம் வருஷம் ஜூன் மாதம் 5ஆம் தேதி. வெரைசான் என்னும் டெலிபோன் கம்பெனி, தன் வாடிக்கைக்காரர்கள் யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார்கள் என்ற கணக்கு முழுவதையும் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு ஸ்தாபனத்துக்கு நாள்தோறும் ஒப்படைக்க வேண்டுமென்று ரகசிய நீதிமன்றம் ஒன்று இட்ட உத்தரவை, லண்டன் 'கார்டியன்' பத்திரிகை அன்று பிரசுரித்தது. அந்த உத்தரவின் தேதி ஏப்ரல் 25. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 12ஆம் தேதி, அமெரிக்க உளவுத் துறைகளின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய விவரம் எதையாவது அந்த ஸ்தாபனம் சேகரிக்கிறதா என்று செனட் கமிட்டியில் கேட்கப்பட்டபோது, இல்லை என்று பதில் சொல்லியிருந்தார்.

வெரைசான் உத்தரவு பிரசுரமான மறுநாள், இணையக் கம்பெனிகளிடமிருந்து செய்திகளைப் பெறும் 'பிரிசம்' என்னும் திட்டம் வெளியாயிற்று. ஜூன் 9ஆம் தேதி, இவற்றையெல்லாம் கொடுத்தவர் தாமே என்று ஹாங்காங்கிலிருந்து எட்வர்ட் ஸ்நோடன் என்னும் 29 வயது வாலிபர் முன்வந்தார். கடலடிக் கேபிள்களில் ஓடும் செய்திகளைப் பிரிட்டிஷார் பிடித்து வைக்கும் 'டெம்போரா' ஜூன் கடைசியிலும், மறைகுறியீடுகளை உடைக்கும் முயற்சி செப்டம்பரிலும், ஜெர்மானியப் பிரதமர் ஆங்கெலா மெர்கெலின் கைப்பேசி அக்டோபரிலுமாகச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

கையில் இருந்ததை ஏன் ஒரே நாளில் கொட்டிவிடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. விக்கிலீக்ஸ் ஸ்தாபனம் அமெரிக்கத் தூதரகங்களின் இரண்டரை லட்சம் தந்திகளை, பெயர் மறைக்காமல், 2011 செப்டம்பரில் முழுவதுமாக வெளியிட்டபோது, அவற்றில் பெயர் கண்ட எளியவர்களுக்கு ஆபத்து வருமென்று, அதுவரை அதனோடு ஒத்துழைத்த பத்திரிகைகளே கண்டித்தன. அதே தந்திகளில் இந்தியாவைப் பற்றிய சுமார் 5,100ஐப் பெற்றுக்கொண்ட சென்னை 'ஹிந்து' பத்திரிகையோ, அவ்வருஷம் மார்ச் 15 முதல் அவற்றைப் படித்து, தொகுத்து, நாளுக்குச் சிலவாகப் பிரசுரித்து வந்தது. ஸ்நோடன் விரும்பியது இந்த இரண்டாவது வழியை. எது பொதுஜன நன்மைக்கு அவசியம், எது அநாவசியமாகப் பிறருக்குத் தீங்கு செய்யும் என்பதைப் பத்திரிகாசிரியர்கள் நிதானித்து முடிவு செய்யட்டும் என்று அவர் கருதினார். பாபநாசம் அணையின் நீர் முழுவதும் ஒரே இரவில் ஆற்றில் இறங்கினால் அதற்கு வெள்ளம் என்று பெயர். அதே நீர் பாளையங்கால்வாய் வழியே முறை வைத்து வந்தால்தான் வயல் விளையும்.

சிறுகச் சிறுக வெளியிடுவதில் இன்னொரு பலனும் இருந்தது. முதல் தஸ்தாவேஜு வந்ததும் அதிகாரிகள் ஒரு சமாதானம் சொல்வார்கள். அது வாயை விட்டு வந்த பின் இரண்டாவது தஸ்தாவேஜு வரும். அடுத்து வரப்போவது இன்னதென்று தெரியாத நிலையில், மறுப்பவர் ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கு நம் தேசத்துக் கதையே நல்ல உதாரணம். 2013 ஜூன் 8ஆம் தேதி வெளியான 'பவுண்ட்லெஸ் இன்ஃபார்மன்ட்' என்னும் படத்தில், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு விவரம் திரட்டப்பட்டது என்பது பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம் தீட்டிக் காட்டப்பட்டிருந்தது. அவ்வருஷம் மார்ச் மாதம் ஒன்றில் மட்டும் இந்தியாவின் கணக்கு 630 கோடி. ஈரான், பாகிஸ்தான், ஜோர்டான், எகிப்து ஆகியவற்றுக்கு அடுத்தபடி ஐந்தாம் இடம் நமக்கு. ஜூன் மாதக் கடைசியில், வேவு பார்க்கப்பட்ட 38 தூதரகங்களும் தூதுக்குழுக்களும் கொண்ட பட்டியலில் இந்தியாவும் இருப்பதைக் 'கார்டியன்' தெரிவித்தது. ஜூலை முதல் வாரத்தில் புருனைக்குச் சென்றிருந்த நம் வெளிவிவகார மந்திரி சல்மான் குர்ஷித், இது வேவு பார்த்தலே அன்று, அழைப்புகளின் போக்கைக் கம்ப்யூட்டர் கொண்டு ஆராய்வதுதான் என்று அமெரிக்காவுக்காகப் பரிந்து பேசினார். செப்டம்பர் கடைசி வாரத்தில், பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டோடு சேர்ந்து 'ஹிந்து' வெளியிட்ட கட்டுரைத் தொடர், வாஷிங்டனிலிருந்த நம் தூதரகத்திலும் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கான நம் அலுவலகத்திலும் பயன்படுத்திய கருவிகளின் சங்கேதப் பெயர்களையே அச்சிட்டுவிட்டது. கம்ப்யூட்டரின் வன்தட்டு முழுவதையும் பிரதி எடுக்க 'லைஃப்சேவர்'. திறந்திருக்கும் திரையைப் படம் பிடிக்க 'வேக்ரன்ட்'. இவற்றோடு 'ஹைலாண்ட்ஸ்', 'மேக்னடிக்' என்று இன்னும் இரண்டு. திரையைப் படம் பிடிப்பதற்கு அழைப்புகளின் போக்கை ஆராய்வது என்று எவரும் பெயர் சொல்ல முடியாது.

ஆனால் ஜூலையில் மந்திரி சொன்னதைச் செப்டம்பரில் எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தார்கள்? சிறுகச் சிறுக வரும் செய்தியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. தினப்பத்திரிகையின் ஆயுள் ஒரு நாள். இடையிலே தேர்தல் வருகிறது, கிரிக்கெட் வருகிறது, வெங்காய விலை ஏறுகிறது. ஆகவே இத்தகைய செய்தியைத் தொடர விரும்புகிறவர் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம் கோடு போட்டுக்கொள்வது நலம்: பிரசுரமான தேதி, பிரசுரித்த பத்திரிகை, தஸ்தாவேஜின் சொந்தத் தேதி, அது மெய்யாகச் சொல்வது என்ன, அதற்கு அதிகாரிகள் சொன்ன பதில் என்ன. இதற்குக் கம்ப்யூட்டர் ஞானம் ஒன்றும் வேண்டியதில்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் காலையில் பத்திரிகை படிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரும் செய்யக்கூடிய காரியம்.

ஒரு பதிவை மட்டும் எழுதிப் பார்ப்போம். பிரசுரமான தேதி 2014 ஜூன் 30. பத்திரிகை 'வாஷிங்டன் போஸ்ட்'. தஸ்தாவேஜின் தேதி 2010. அமெரிக்க ஸ்தாபனம் வேவு பார்க்க அனுமதி பெற்ற அந்நிய ஸ்தாபனங்களின் ஜாபிதாவில், எகிப்தின் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தோடும் பாகிஸ்தான் மக்கள் கட்சியோடும் பாரதிய ஜனதா கட்சியின் பெயரும் காணப்படுகிறது. பதில்: டில்லியில் அமெரிக்க ராஜதந்திரி ஒருவர் அழைக்கப்பட்டு ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டது. இப்படி எழுதிய மாத்திரத்தில் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. தஸ்தாவேஜு எழுதப்பட்ட காலத்தில் அக்கட்சி எதிர்க்கட்சி. செய்தி வந்த காலத்தில் ஆளும் கட்சி. அன்றியும், அது நிரூபிப்பது அனுமதி பெற்றதைத்தானே ஒழிய, வேவு பார்த்ததை அன்று. இந்த வித்தியாசம் அவசரத் தலைப்புகளில் காணாமற் போயிற்று.

நாலாவது கட்டத்தை நிரப்பும்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். 630 கோடி என்பது 630 கோடி மனிதர்களுமன்று, ஒட்டுக்கேட்ட சம்பாஷணைகளுமன்று. இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, இன்ன நேரத்தில் என்ற வகைக் குறிப்புகளின் எண்ணிக்கை. இதே போன்ற படம் ஒன்று நெதர்லாந்தின் பெயரில் 18 லட்சம் டெலிபோன் குறிப்புகளைக் காட்டியபோது, அவற்றை எடுத்தது அமெரிக்கா என்று அந்நாட்டு மந்திரி ரொனால்ட் பிளாஸ்டெர்க் அறிவித்தார். சில மாதங்கள் சென்று, 2014 பிப்ரவரியில், அவற்றைத் திரட்டி அமெரிக்காவுக்குக் கொடுத்தது தம் தேசத்து உளவுத் துறையே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டுமென்று அரசனுக்குத் திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் கூறிய யோசனையை, ஒற்றரைப் பற்றிய செய்தியைப் படிக்கும் பிரஜையும் கைக்கொள்ளலாம்.

சில தஸ்தாவேஜுகளுக்கு வியாக்கியானமே வேண்டியதில்லை. 2013 அக்டோபர் 30ஆம் தேதி வெளியான ஒரு சித்திரம், மஞ்சள் துண்டுக் காகிதத்தில் கையால் கிறுக்கியது போன்றது. இடப்புறம் ஒரு மேகம், பொது இணையம். வலப்புறம் ஒரு மேகம், கூகிள் கம்பெனியின் உள் வலை. இரண்டுக்கும் நடுவே, மறைகுறியீட்டுப் பூட்டு கழற்றப்படும் இடத்துக்கு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்திருந்தார் அமெரிக்க ஸ்தாபனத்தின் உத்தியோகஸ்தர். பூட்டில்லாத இடம் எது என்று கண்டுபிடித்த சந்தோஷம்! அது வெளிவருமுன்பே, ஜூன் மாதச் செய்திகளைக் கண்டதும், கம்பெனி தன் நிலையங்களுக்கிடையே ஓடும் செய்திகளுக்கும் பூட்டுப் போடும் வேலையைத் துரிதப்படுத்தியிருந்தது.

அந்நியர் வேவைப் பற்றிப் பேசுகையில் நம் வீட்டு வேவை மறப்பது நியாயமன்று. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், வெள்ளையர் போன பிறகும் நெடுங்காலம் ஒட்டுக்கேட்பதற்கு அதிகாரம் அளித்து வந்தது. 1996இல் சுப்ரீம் கோர்ட் அதற்குச் சில நிபந்தனைகளை விதித்தது. மத்திய அரசாங்கம் மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை டெலிபோன் ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் இட்டு வந்தது என்பது, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் 2013இல் கொடுத்த பதிலால் தெரிய வந்தது. 2021 ஜூலை 18 முதல், 'பெகாசஸ்' மென்பொருளுக்கு இலக்காகக் குறிக்கப்பட்டவை என்று கருதப்பட்ட கைப்பேசி எண்களின் பட்டியலை, 17 பத்திரிகை ஸ்தாபனங்கள் கூடி, இதே போலத் தவணை முறையில் வெளியிட்டன. சுப்ரீம் கோர்ட் நியமித்த கமிட்டி 29 கைப்பேசிகளைச் சோதித்து, ஐந்தில் தீய மென்பொருள் இருப்பதைக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகக் கூற இயலவில்லை என்றும், அரசாங்கம் தன்னோடு ஒத்துழைக்கவில்லை என்றும் தெரிவித்தது.

பொறுமையோடு தொடர்ந்தவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. வெரைசான் உத்தரவைப் போன்ற மொத்தச் சேகரிப்புக்குச் சட்டம் இடம் தரவில்லை என்று அமெரிக்க அப்பீல் நீதிமன்றம் 2015 மே மாதம் தீர்ப்புக் கூறியது. அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது. எனினும், ஸ்நோடன் கொடுத்தவற்றில் பெரும்பகுதி இன்று வரை அச்சேறவில்லை. அவற்றைப் பிரசுரித்து வந்த 'இன்டர்செப்ட்' என்னும் பத்திரிகை, 2019 மார்ச் மாதத்தில், அந்தச் சேகரத்தின் மீதான வேலையை முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. வெளிவந்தவையோ பல தேசத்துப் பத்திரிகைகளில் சிதறிக் கிடக்கின்றன. அடுத்த முறை இப்படியொரு ரகசியம் தவணை தவணையாக வரத் தொடங்கும்போது, வாசகர்கள் முதல் நாளின் பரபரப்போடு நின்றுவிடாமல், தஸ்தாவேஜின் தேதியையும் மந்திரி சொன்ன பதிலையும் அன்றன்றே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிலை எடுத்து வைத்து, அதே மந்திரியிடம் மறுபடியும் கேட்கவும் வேண்டும்.