உங்களுக்குத் தெரியுமா? விசில் ஊதியதற்கு அபராதம்

1991-இல், யூகோஸ்லாவியா உடைந்த போரின்போது, குரோஷியாவின் வூகோவார் மருத்துவமனையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கைதிகள் அருகிலுள்ள ஓவ்சாராவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் சித்திரவதை செய்யப்பட உடந்தையாக இருந்ததற்காக யூகோஸ்லாவிய ராணுவ அதிகாரி வெசெலின் ஷ்லிவன்சானினுக்கு ஹேக் நகரின் போர்க்குற்றத் தீர்ப்பாயம் 10 ஆண்டு சிறை விதித்தது. வெளியே வந்தவரைச் செர்பிய ஆளுங்கட்சி மேடையேற்றியது!

2017 ஜனவரி, செர்பியாவின் பெஷ்கா கிராமம். அந்தக் கட்சிக் கூட்டத்தில் இளைஞர்கள் சிலர் விசில் ஊதினார்கள். போர்க்குற்றவாளிகள் வாயை மூடினால்தான் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச முடியும் என்று பதாகை விரித்தார்கள். அடி விழுந்தது. பிறகு நீதிமன்ற அபராதமும் அவர்களுக்கே.

அவர்கள் 2003-இல் தொடங்கிய ‘மனித உரிமைகளுக்கான இளைஞர் முன்முயற்சி’ அமைப்பினர். செர்பியா, கொசோவோ, பொஸ்னியா, குரோஷியா இளைஞர்களை நேரில் சந்திக்க வைப்பதும் இவர்கள் வேலைதான். அப்படிச் சந்திப்பவர்களில் பலர் போருக்குப் பின் பிறந்தவர்கள்.