நெஞ்சில் தங்கும் கேப்சூல்

படுக்கப் போகும் நேரத்தில்தான் பலருக்கும் மாத்திரை நினைவு வருகிறது. ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுகிறார்கள். விழுங்கியது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்சூல் என்றால், சில மணி நேரத்திலோ மறுநாளோ நெஞ்செலும்புக்குப் பின்னால் வலி கிளம்பலாம். சோறு இறங்காது, எச்சிலை விழுங்கினாலும் எரியும்.

இது ஒவ்வாமை அல்ல. உணவுக்குழாயில் விழுந்த புண்.

எப்படிப் புண்ணாகிறது?

உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அதன் நடுப்பகுதியை இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி அழுத்திக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் கேப்சூல் சிக்குவது அங்கேதான். ஈரம் பட்டதும் அதன் ஜெலட்டின் உறை பிசின்போல் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். உள்ளிருக்கும் டாக்ஸிசைக்ளின் கரைந்தால் கடும் அமிலத்தன்மை கொண்டது. கரையும் இடத்திலேயே சவ்வை அரித்துவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பும் விழுங்குவதும் குறைந்துவிடுவதால், ஒட்டியதைக் கழுவி இறக்க வழியில்லை.

டெட்ராசைக்ளின், கிளிண்டாமைசின் ஆகியவையும் இப்படிப் புண்ணாக்குவதுண்டு. ஆன்டிபயாடிக் அல்லாத இரும்புச்சத்து மாத்திரை, வலிநிவாரணிகள், எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

ஆரோக்கியமானவர்களுக்கும் மாத்திரை ஒட்டும். 1982இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு 121 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. குறைந்தது 100 மில்லி தண்ணீரோடு விழுங்கி, 90 விநாடியாவது நிற்கவேண்டும் என்பது அதன் பரிந்துரை. இப்போது மருத்துவர்கள் ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். இரவு மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்தை வெறுக்க வேண்டாம்

தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் உயிர்காக்கும் மருந்து. இலங்கையில் எலிக்காய்ச்சல் வராமலிருக்க வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு இதைத் தருகிறார்கள். எனவே வலி வந்ததென்று மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். காரணமான மருந்தை மாற்றியபின் பெரும்பாலான புண்கள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஆறிவிடும்.

நெஞ்சுவலி எதுவானாலும் மாத்திரைதான் காரணம் என்று தாமே முடிவுகட்டக் கூடாது. மாரடைப்பு இல்லையென்று முதலில் உறுதிசெய்யவேண்டும். ரத்த வாந்தி, கறுப்பு மலம், தண்ணீரும் இறங்காத நிலை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

உறையின்மேல் ‘காலை, இரவு’ என்று எழுதித் தரும் மருந்துக்கடைக்காரர்கள், ‘ஒரு டம்ளர் தண்ணீர், உடனே படுக்கக் கூடாது’ என்பதையும் சேர்த்து எழுதித் தரவேண்டும்.