மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாதது ஏன்?

கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களின் ரத்தசோகையைப் பாதியாகக் குறைத்துவிடுவதென்று உலக சுகாதார சபை 2012-இல் விதித்துக்கொண்ட கெடு 2025-இல் தீர்ந்து, காரியம் கைகூடாமையால் 2030-க்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கும் இவ்வேளையில், நமக்கு வரும் கடிதங்கள் பலவும் ஒரே சந்தேகத்தையே கிளப்புகின்றன: சிவப்பு மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கிய கர்ப்பிணிக்கும் ‘ரத்தம் கம்மி’ என்று நர்ஸம்மா எழுதிவைப்பது எப்படி? இரும்புச்சத்தின் மகிமை யாவரும் அறிந்ததாகையால் அதை விட்டு, நேரே விஷயத்துக்கு வருவோம்.

சர்க்கார் கணக்கில் கர்ப்பிணியின் ரத்தசோகை என்பது, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருப்பது. உள்ளபடி சொன்னால், குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு விரல் நுனியிலிருந்து எடுத்த சொட்டைப் பார்த்து ஒரு கருவி காட்டிய எண். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருக, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகாமையால், ஆரோக்கியமானவளுக்கும் இந்த எண் சற்று இறங்குவது இயற்கை. அதை உத்தேசித்தே உலக சுகாதார நிறுவனம் 2024-இல் இரண்டாம் மும்மாதத்துக்கு மட்டும் வரம்பை 10.5 ஆகத் தளர்த்தியது. விரலைக் குத்தியதும் முதற்சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக ஊறிவருவதையே எடுக்க வேண்டும். வரிசை நீண்டுவிட்டதென்று விரலைப் பிதுக்கினால் திசுக்களின் நீர் கலந்து எண் இறங்கிவிடும். ஆனால், அளவையைக் குறைகூறி அதிகாரிகள் முற்றிலும் தப்பிவிட இயலாது. ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளி குறைப்போம் என்று ‘ரத்தசோகை இல்லாத பாரதம்’ திட்டம் 2018-இல் வாக்களித்திருக்க, ஒரே முறையில் விரல் குத்தி அளந்த இரண்டு தேசியக் குடும்பநல ஆய்வுகளுக்கிடையே, அதாவது 2015-16-க்கும் 2019-21-க்கும் நடுவே, ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளின் விகிதம் நாட்டில் 50.4-இலிருந்து 52.2 சதவீதமாகவும், தமிழ்நாட்டில் 44.4-இலிருந்து 48.3 சதவீதமாகவும் ஏறியிருக்கிறது.

மாத்திரையே போய்ச்சேரவில்லை என்பது இதற்கு ஒரு சமாதானம். 180 நாள் உட்கொள்ள வேண்டியதை அவ்வாறே உட்கொண்டவர்கள் நாட்டில் 26 சதவீதம்தான் என்பதால் அதில் உண்மையும் உண்டு. ஆனால் விழுங்கியதெல்லாம் ரத்தத்தில் சேர்வதில்லை என்பதே இவ்விஷயத்தின் விசித்திரமான அம்சம்.

மிஞ்சிய இரும்பை வெளியேற்றும் உபாயம் நம் சரீரத்துக்குக் கிடையாது. ஆகையால் உள்ளே விடும் வாசலிலேயே அது கண்டிப்புக் காட்டுகிறது. அந்த வாசலை ஆள்வது, கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் சிறு ஹார்மோன். குடலின் சுவரணுக்களிலிருந்து இரும்பை ரத்தத்துக்குக் கடத்தும் புரதத்தை இது அழித்துவிடுவதால், அணுவுக்குள் வந்த இரும்பு அங்கேயே சிறைப்பட்டு, சில நாட்களில் அணு உதிரும்போது அதனோடு மலத்தில் கழிந்துவிடுகிறது. கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலம் வரை ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு அதிகப்படியாகத் தேவை என்பதை உணர்ந்தாற்போல், பிற்பாதி மாதங்களில் ஹெப்சிடின் மிகவும் தணிந்து வாசல் திறக்கிறது. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை எந்த நிபுணர் குழுவும் வகுத்திருக்க முடியாது.

ஆனால் இதே ஏற்பாட்டுக்குள் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. கிருமிகளும் இரும்பை நாடுகின்றவையாதலால், உடம்பில் தொற்றோ அழற்சியோ தலைகாட்டினால், திருடர் நடமாட்டம் என்று கேள்விப்பட்டதும் நெற்குதிரைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்ளும் மிராசுதாரைப்போல், கல்லீரல் ஹெப்சிடினைச் சுரந்து இரும்பை முடக்கிவிடுகிறது. பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து நாள்தோறும் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பை மீட்டுத்தரும் அணுக்களின் கதவும் அப்போது சாத்தப்படுவதால், கையிருப்பு இருந்தும் ரத்தத்துக்குப் பஞ்சம். ஆகவே, ஓயாத சிறுநீர்த் தொற்றுள்ளவளையும், அசுத்தமான தண்ணீரால் அடிக்கடி வயிறு கெடுபவளையும் மாத்திரைக் கணக்கு மட்டும் கேட்டு அதட்டுவது நியாயமன்று. விநியோகித்த மாத்திரைகளை எண்ணுவது சுலபம், திறந்த வாசல்களை எண்ணுவது அவ்வளவு சுலபமன்று.

பெரிய அளவில் இரும்பு உட்கொண்டால் ஹெப்சிடின் ஒரு நாள் வரை உயர்ந்திருந்து மறுநாள் மாத்திரையின் பலனைக் குறைக்கிறது என்று சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சி கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டதன்று. ஆதலால் மருத்துவரைக் கேளாமல் எவரும் நாள்விட்டு நாள் முறைக்கு மாறிவிட வேண்டாம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள்:

இரும்பு மட்டும்தான் காரணமா? இல்லை; ஃபோலிக் அமிலமும் பி12-உம் குறைந்தாலும் வரும். 1928-இல் பம்பாய்க்கு வந்து, பின்னர் குன்னூரிலும் சென்னையிலும் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர், கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகை மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றால் தீர்வதைக் கண்டதே ஃபோலிக் அமிலம் பற்றிய அறிவுக்கு அடிகோலியது.

கீரை போதாதா? தின்னலாம், அதன் இரும்பு சொற்பமே உட்புகும், எலுமிச்சைச் சாறு கொஞ்சம் உதவும்.

டீ, காபி? மாத்திரையோடும் சாப்பாட்டோடும் வேண்டாம்.

கால்சியம் மாத்திரை? இரண்டு மணி நேரம் தள்ளி.

கொக்கிப்புழு? இரண்டாம் மும்மாதத்தில் அல்பெண்டசோல் ஒரு முறை.

மலம் கறுக்கிறதே? பயமில்லை.

பரம்பரைக் காரணம் உண்டா? தலசீமியாவும், நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் நோயும் உண்டு. தனிப் பரிசோதனை வேண்டும்.

அடுத்தடுத்த பிரசவம்? கையிருப்பு நிரம்புமுன் மறுபடியும் செலவு.

சிகிச்சை தொடங்கி ஒரு மாதமாகியும் ஏறவில்லையானால்? 1 கிராமாவது ஏறாவிட்டால் மேல்நிலை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது சர்க்காரின் சொந்த விதியே, வற்புறுத்திக் கேளுங்கள்.